கழுதைக்குட்டிக்குக் கண் வைத்த நாள்

முதலில் வந்தது முதுகு வலி. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதுகு வலிக்குமா? "அம்மா, முதுகு ஒடியுது" என்று மீனாள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "மூட்டை தூக்குனியாக்கும்" என்றேன்.

சித்திரை மாதத்து மத்தியானம். அன்னவாசல் கடைத்தெருவில் நாய்கூட நிழலை விட்டு நகராத நேரம். பிள்ளை சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதாம். தொட்டுப் பார்த்தேன். சுவரும் சுட்டது, பிள்ளையும் சுட்டாள்.

மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் விடிந்ததும் நெற்றியில் பொடிப்பொடியாகச் சிவப்பு. எங்கள் வீட்டில் என் கணவரின் அக்கா பொன்னம்மாளும் இருந்தார். இளம் வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு தங்கிவிட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்துட்டா" என்றார்.

பெரியம்மை (உடம்பெங்கும் சீழ் கட்டி, ஆறிய பிறகும் குழிக்குழியாகத் தழும்பு விட்டுப் போகும் அம்மை). மாசியில் அம்மை குத்துகிறவர் வீடு தேடி வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அவளுக்குச் சளிக்காய்ச்சல். "காய்ச்சலோட எதுக்குங்க குத்திக்கிட்டு? அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் அவரைத் திருப்பி அனுப்பினார். பஸ் கம்பெனியில் டயம் கீப்பர் அவர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது என்று நாள் முழுக்க எழுதுகிற மனிதர். அந்த ஒரு தடவை பிந்தியது நாங்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது அப்போது. இன்றைக்கு மீனாளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து இதை எழுதுவது, வேப்பிலை செருகிய வாசலுக்கு உள்ளே, வியர்த்த பாய் ஓரத்தில், இப்போது உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்காக. நான் செய்ததைச் செய்யாதிருங்கள். அதற்கு நான் என்ன செய்தேன் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

அம்மை இறங்கிய வீட்டுக்குச் சட்டம் உண்டு. மதினி அதை எனக்கு விரல் மடக்கிச் சொன்னார்.

"தாளிக்கப்படாது. தலை சீவப்படாது. வெளியாள உள்ள விடப்படாது. முக்கியமாச் சொல்றேன் மரகதம், ஊசி எடுத்து ஒண்ணையும் குத்தப்படாது. இங்க குத்துனா அது எங்கிட்டுப் போயிக் குத்தும்னு நமக்குத் தெரியாது."

என்னைப் பார்த்து அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் கை சும்மா இருக்காது. புதுக்கோட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தபோது குரோஷா பின்னக் கற்றுக்கொண்டேன். தலையணை ஓரம், மேசை விரிப்பு, ரேடியோவுக்குப் போர்வை என்று எதையாவது பின்னிக்கொண்டே இருப்பேன். ஊரில் ரேடியோ இருந்ததே இரண்டு வீட்டில். இரண்டுக்கும் என் போர்வைதான்.

கொப்புளங்கள் முற்றிக்கொண்டு வந்தன. சொறியக் கூடாதென்று பிள்ளையின் கைகளில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினோம். இமைகள் வீங்கிப் பாதி மூடின. வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே கேட்டேன்.

"என்னடி வேணும் ஒனக்கு? சொல்லு, அம்மா பின்னித் தாரேன்."

"கழுதக்குட்டி."

"வேற நல்லதாக் கேளேன். மயிலு? முயலு?"

"கழுதக்குட்டிதான். வெயிலுக்குப் போட்டுக்கிறதெல்லாம் போட்டுவிடணும். சித்தன்னவாசல் பாக்க வந்தாங்கள்ல ஒரு அம்மா, அவங்க மாதிரி."

பங்குனியில் ஒரு கார் எங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று குகைக்கு வழி கேட்டது. அதிலிருந்து இறங்கிய அம்மாள் பெரிய ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கோடு போட்ட தோள்பை, காலில் துணிச்செருப்பு என்று வெயிலுக்குத் திருவிழா எடுத்ததுபோல இருந்தார். மீனாள் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருணிக் கரையில் துணி மூட்டை சுமந்து நிற்கும் கழுதைகளையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். இரண்டையும் எப்போது முடிச்சுப் போட்டாளோ.

"செருப்பு எத்தனை?"

"நாலு. ரெண்டு போட்டா மத்த ரெண்டு காலு சுடாதா?"

நான் எனக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். குரோஷாவுக்குக் கொக்கிதான். முனை கிடையாது. அது எதையும் குத்துவதில்லை. வளைந்த மூக்கால் நூலை இழுத்துக் கண்ணிக்குள் கண்ணி கோக்கும். ஊசி என்று கடையில் பெயர் சொன்னால் அது ஊசியாகிவிடுமா? வழக்கில் நானே வக்கீல், நானே நீதிபதி. எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று.

சாம்பல் நூல் வீட்டில் இல்லை. கறுப்பு ஒரு இழை, வெள்ளை ஒரு இழை, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பின்னினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கழுதைத் தோல். மூக்கு நுனியில் ஆறு கண்ணி போட்டு வட்டம் பிடித்து, சுற்றுக்குச் சுற்று கூட்டி, கன்னத்தில் நிறுத்தி, கழுத்தில் குறைத்து, வயிற்றில் மறுபடி கூட்டினேன். உள்ளே இலவம்பஞ்சு. காதையும் காலையும் தனியே பின்னி, ஊசி தொடாமல் கொக்கியாலேயே உடம்போடு கோத்தேன். முந்தானைக்கு அடியில் வேலை நடந்தது. அடுப்படியில் இருந்து வரும் மதினியின் செருமல் கேட்டால் நூலும் கழுதையும் மடிக்குள் போய்விடும்.

மீனாளுக்கு இமை முழுதாக மூடிவிட்ட நாட்கள் அவை. முகத்தில் ஊசி முனை வைக்கக்கூட இடமில்லை. வீட்டுக்குள் வேப்பிலையும் சீழும் கலந்த ஒரு வாடை. இன்றைக்கும் புதுமழை பெய்து வேப்பம்பூ நசுங்கினால் அது என் தொண்டைக்குள் ஏறும். பார்க்க முடியாத பிள்ளை கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

"இப்ப என்ன பின்றே?"

"தொப்பி. காதுக்கு ரெண்டு ஓட்டை விடுறேன்."

"பெரிய ஓட்டையா விடு. கழுதக் காது மடங்குனா அதுக்குக் கோவம் வரும்."

சிரித்தாள். சிரித்ததில் உதட்டோரக் கொப்புளம் ஒன்று உடைந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அவள் சிரித்தது கழுதையை வைத்துத்தான். தொப்பி ஆயிற்று. மெல்லிய கம்பியை வளைத்துக் கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி ஆயிற்று. கோடு போட்ட பை, நாலு செருப்பு, விரல் நகத்தளவு விசிறி ஒன்று. கண் மட்டும் பாக்கி.

திங்கட்கிழமை காலை, வேப்பிலைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் இமைகள் ஒரு கோடு அளவுக்குத் திறந்தன. மீனாள் அந்தக் கோட்டின் வழியாகக் கழுதையைப் பார்த்தாள்.

"இதுக்கு இன்னும் கண்ணு வைக்கலயா? வை. அது என்னையப் பாக்கணும்."

மணி கோக்கக் கொக்கி உதவாது. மத்தியானம் மதினி மாரியம்மன் கோயிலுக்குத் தண்ணீர் ஊற்றப் போன நேரம் பார்த்து, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தையல் ஊசியை எடுத்தேன். குழந்தையில் மீனாளின் கையில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த கறுப்பு மணிகளில் இரண்டை எடுத்துக்கொண்டேன். நூல் பின்னலில் ஊசி நுழையும் சத்தம் யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்டது. முதலில் வலது கண். பிறகு இடது.

செவ்வாய்க்கிழமை காலையில் மீனாளின் வலது கண் சிவந்திருந்தது.

தண்ணீராகக் கொட்டியது. கதவிடுக்கு வெளிச்சம் பட்டாலே "எரியுதும்மா" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். எங்கிட்டுப் போயிக் குத்தும் என்று மதினி கேட்டாரே, அதற்குப் பதில் என் முன்னால் பாயில் கிடந்தது.

நான் செய்தது இதுதான். கத்தரிக்கோலால் கழுதையின் கண்கள் இரண்டையும் வெட்டி எடுத்தேன். பின்னல் எதையும் காட்டிக்கொடுக்காது. மணி இருந்த இடம் தெரியாமல் கண்ணிகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. கண்நோய் தீர்ந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னிடம் வெள்ளி இல்லை என்பது ஒரு சாக்கு. யாரிடமும் கேட்கப் பயம் என்பதே உண்மை. இரண்டு மணிகளையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். இந்தக் கண்ணை எடுத்துக்கொள், அந்தக் கண்ணை விட்டுவிடு என்றேன். பிறகு ஆத்தாவின் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. மதினி பக்கத்தில் வரும்போதெல்லாம் பிள்ளையின் முகத்தை நிழலில் திருப்பி வைத்தேன். "தூங்குறா மதினி" என்றேன். வியாழனும் போயிற்று. பிள்ளையின் வலப்பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் ஊசியையும் சொல்ல வேண்டும். என் பிள்ளையின் கண்ணை நானே குத்தினேன் என்று சொல்ல வேண்டும். வாய் எழவில்லை. இவ்வளவுதான் என் குற்றம். சுருக்கமாகச் சொல்லிவிட முடிகிற குற்றம்.

வியாழன் சாயங்காலம் மதினியே முகம் துடைக்க வந்தார். தடுக்க முடியவில்லை. இமையை விரலால் விலக்கியவர் அப்படியே நின்றார்.

"மரகதம், இங்கிட்டு வா. கண்ணுல பூ விழுந்திருக்கு. எத்தனை நாளாச் செவந்திருக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாளாவா!" என்னை அடிப்பார் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, விடியக் கருக்கல்ல வண்டி கட்டச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணி ஊத்தணுமே மதினி" என்றேன். அம்மை இறங்கும்போது ஊற்றும் முதல் தண்ணீர் அது. அதற்கு முன் பிள்ளையை வாசல் தாண்ட விடுவதில்லை.

"தண்ணி எங்கிட்டும் ஓடிறாது. ஆத்தா கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிறேன்."

அம்மை கண்டவளை பஸ்ஸில் ஏற்ற முடியாது. கூண்டு வண்டியில் புதுக்கோட்டைக்குப் போனோம். முன்னால் என் வீட்டுக்காரர் வண்டிக்காரரோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பிள்ளைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மதினி. ஊர் எல்லை தாண்டியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். கொக்கி, ஊசி, மணி, மஞ்சள் துணி. மதினி பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூறுகெட்டவளே. நீ பின்னிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? எட்டு நாளாத் தெரியும். முந்தானை அப்பிடி ஆடுனா எந்தக் குருடிக்கும் தெரியும்."

"அப்ப ஏன் மதினி வையல?"

"புள்ள சிரிச்சுச்சுல்ல. அடுப்படியில நின்னு நானும் சிரிச்சேன். கழுதைக்குச் செருப்பாம்!" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு செவந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேனேடி."

வண்டிச் சக்கரம் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மைக்காரர்களுக்கென்று பின்பக்கம் தனி அறை. நடுவயது டாக்டர், அதிகம் பேசாதவர். இமையை விலக்கி, சின்ன டார்ச்சால் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். கருவிழியில் (கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தோலில்) புண் என்றார். வலதில் புண் ஆழமாக இறங்கிவிட்டது. இடதில் ஓரத்தில் ஒரு புள்ளி.

"மூணு நாளைக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி. இடது கண்ணையாவது நிறுத்தணும். அதுக்குத்தான் இனிமே பாடு."

நான் ஊசியைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"அம்மா, ஊசிக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லீங்க. அம்மை கண்ணுலயும் வரும். சம்பந்தம் இருக்கறது அந்த மூணு நாளுக்குத்தான்."

என் மேல் இருந்த ஒரு பாரத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதைவிடக் கனமான ஒன்றை வைத்தார். ஊசியாக இருந்திருந்தால் அது தெய்வத்தோடு போயிருக்கும். இது என்னோடு இருக்கிறது.

மணிக்கொரு தரம் பென்சிலின் சொட்டு. காலையும் மாலையும் அட்ரோபின் (பாவையை விரிய வைத்து உள்வலியைத் தணிக்கும் மருந்து). வெந்நீர் ஒத்தடம். பிறகு இரண்டு கண்ணுக்கும் பஞ்சு வைத்துக் கட்டு. பத்து நாள் இப்படி. சொட்டு விடும் நேரம் தவறக் கூடாதென்று என் வீட்டுக்காரர் தம்முடைய டயம் கீப்பர் கடிகாரத்தை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெளியே மரத்தடியில் நேரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கட்டுப் போட்ட இரண்டாம் நாள் மீனாள் கழுதைக்குட்டியைக் கேட்டாள். மதினி துணிமூட்டையில் அதையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கையில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டேன். பிள்ளை விரலால் பார்த்தாள்.

"தொப்பி இருக்கு. காது ஓட்டைக்குள்ள சரியா வந்திருக்கு. பை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு செருப்பு." விரல் முகத்துக்கு வந்தது. கம்பிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதன் கீழே தேடியது. "அம்மா, இதுக்குக் கண்ணு எங்க?"

கம்பிக் கண்ணாடியை மறுபடி அதன் மூக்கில் இறக்கிவிட்டேன்.

"கண்ணு இல்லாததுக்கு எதுக்குக் கண்ணாடி போட்டே?"

மதினி எழுந்து வெளியே போனார். "இன்னும் தைக்கலடா" என்றேன். பொய் எவ்வளவு சீக்கிரம் வருகிறது. மூன்று நாள் வராத வாய்.

பிள்ளை அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். இரண்டு முகங்களும், கண் இருக்கும் இடம் வெறுமையாக, என் பக்கம் திரும்பியிருந்தன. அந்தக் கோலத்தில்தான் அவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். அடுப்பில் உலை வைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாராவது பெயர் சொல்லி அழைத்துத் திரும்பும்போது.

உதிர்ந்த பொருக்கில்தான் (கொப்புளம் காய்ந்து விழும் தோலில்) நோய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும், பாய், துணி, பொம்மை எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் என்றும் சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னார். சரியான பேச்சு. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆஸ்பத்திரிப் பின்புறத்தில் நானே எரித்தேன். பஞ்சு உடனே பற்றியது. தொப்பி கடைசிவரை நின்றது.

பதினோராம் நாள் இடது கண் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் சன்னலைச் சாத்தச் சொன்னார். மீனாள் இமையைக் கொட்டினாள். சுற்றிப் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றது பார்வை.

"ஏம்மா இப்பிடிக் கறுத்துப் போயிட்டே?"

என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வலது கண் பாலாடை படிந்ததுபோல் வெளுத்து நின்றுவிட்டது. இடது கண்ணுக்கு ஓரத்தில் லேசான மங்கல். அதை வைத்துக்கொண்டே அவள் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்துவிட்டாள்.

இனி உங்களுக்கு. பிள்ளைகளுக்கு அம்மை குத்தி வையுங்கள். சளி, காய்ச்சல் என்று தள்ளினால் அது சரியான மறுநாளே கூட்டிக்கொண்டு போய்க் குத்துங்கள். அம்மை கண்ட பிள்ளைக்குக் கண் சிவந்தால், கூசினால், அன்றைக்கே போங்கள். வேப்பிலை வையுங்கள், கும்பிடுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்யக் கூடாததைச் செய்துவிட்டீர்களா? செய்துவிட்டேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

என் உடம்பு மாறிவிட்டது. மகளோடு நடக்கும்போது கேட்காமலே அவள் வலப்பக்கம் போய்விடுகிறேன். அங்கிருந்து வரும் மாடும் சைக்கிளும் அவளுக்குத் தெரியாது. தனியாக நடக்கும்போதும் தெருவின் இடதோரத்தை விட்டு என் கால்கள் வலதுக்கு இழுக்கின்றன. வாரத்தின் ஏழு நாட்களும் எனக்கு ஒரே நீளம் இல்லை. செவ்வாய் விடியும்; வியாழன் பொழுது அவ்வளவு எளிதில் அடையாது.

போன தை மாதம் மீனாளிடம் சொன்னேன். ஊசியையும் சொன்னேன், மூன்று நாளையும் சொன்னேன். நெல் அவித்த வெக்கையில் இருவரும் முற்றத்தில் நின்றிருந்தோம். அழவில்லை அவள். கோபப்பட்டாளா என்று தெரியவில்லை. நெல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மூணு நாளும் நீ என் வலப்பக்கந்தான உக்காந்திருந்தே?"

"ஆமா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எரியும். ஆனாலும் அப்பப்பத் தொறந்து பாப்பேன். ஒன் மொகந்தான் தெரியும். அதுக்கப்புறம் அந்தக் கண்ணுல ஒண்ணும் வரல." நெல்லைக் காலால் தள்ளிக் கிளறிவிட்டாள். "அதனால அங்கிட்டு இன்னமும் நீதாம்மா இருக்கே."

ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. முன்நெற்றி நரைத்துவிட்டது. ஆனால் அவளுடைய வலது கண்ணுக்குள், வெளுத்த அந்தத் திரைக்குப் பின்னால், எனக்கு முப்பதுகூட நிறையவில்லை. அங்கே பாய் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை என்னைப் பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.